மூடச் சொன்னவள்

மார்ச் 6

அன்புள்ள தங்கச்சி பொடிக்கு,

போனில் பேசினால் நான் கத்துவேன். கத்தினால் நெஞ்செலும்பைக் கட்டியிருக்கிற கம்பி தெறித்துவிடும் என்று நர்ஸ் பயமுறுத்தி வைத்திருக்கிறாள். அதனால்தான் கடிதம். மல்லாந்து படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

முதலில் உட்கார். எனக்கு ஆபரேஷன் நடக்கவில்லை. நெஞ்சைப் பிளந்தார்கள், மூடினார்கள். அவ்வளவுதான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கண் விழித்ததும் முதல் வேலையாகக் காலைத் தடவிப் பார்த்தேன். பைபாஸ் என்றால் காலிலிருந்து ரத்தக்குழாயை உருவி எடுப்பார்கள் என்று நீதானே சொன்னாய்? ஒரு கீறல்கூட இல்லை. நெஞ்சில் மட்டும் கழுத்துக் குழியிலிருந்து தொப்புளுக்குக் கொஞ்சம் மேல்வரை பெரிய கட்டு. சரி, கையிலிருந்து எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கையும் சுத்தமாக இருந்தது.

உன்னோடு படித்த அந்த சர்ஜன் மகானுபாவர் சாயந்திரம் வந்தார். கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"திறந்து பாத்தோம் சார். பண்ண முடியல. மூடிட்டோம்."

"என்னங்க இது, கடை ஷட்டரா?" என்று கேட்டேன். தொண்டை கட்டியிருந்ததால் அவருக்குப் பாதிதான் கேட்டிருக்கும். உன் அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்து, அந்த நிமிஷம்வரை எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், பாவம்.

துறைமுகத்தில் இத்தனை வருஷமாக மீன் ஏலம் விடுகிறேன். சில கூடைகளை வியாபாரிகள் திறந்து பார்ப்பார்கள், ஒன்றும் சொல்லாமல் மூடிவிட்டு அடுத்த கூடைக்குப் போய்விடுவார்கள். நான் எவ்வளவு கத்தினாலும் அந்தக் கூடை போகாது. இங்கே படுத்துக்கொண்டு என்னை நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதயத்துக் குழாயில் இருந்த மூன்று அடைப்பும் அப்படியே இருக்கிறது. கூடவே பிளந்த நெஞ்சு வேறு. இருமினால் உயிர் போய் வருகிறது. ஏன் மூடினீர்கள் என்று கேட்டால், "பெரிய குழாய்ல சுண்ணாம்பு" என்கிறார். என் குழாயில் சுண்ணாம்பு இருந்தால் கத்தியை எடுப்பதற்கு முன்னால் அல்லவா பார்த்திருக்க வேண்டும்?

நீ இதய டாக்டர். அந்த ஆள் என்ன தப்புப் பண்ணினார் என்று எனக்கு விளக்கமாக எழுது. நான் விடப்போவதில்லை. நீ பக்கத்தில் இருந்திருந்தால் இப்படி நடக்க விட்டிருப்பாயா?

உன் அண்ணன்


மார்ச் 12

அண்ணா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்கு எல்லாம் தெரியும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் நெஞ்சை மூடச் சொன்னது நான்தான்.

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து உன் டாக்டர் எனக்குப் போன் செய்தார். நர்ஸ் ஒருத்தி போனை அவர் காதோரம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். உன் நெஞ்சு திறந்திருந்தது. அவர் குரல் நடுங்கியது. அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை.

"உங்கண்ணனோட மகாதமனி சுத்திலும் கல்லா இருக்கு. விரல் வெச்சா டொக்குனு தட்டுது. இடுக்கி போட இடமே இல்ல. ஓரமா ஒரு இடம் மட்டும் மெத்துனு இருக்கிற மாதிரி தெரியுது. அங்க போட்டுப் பாக்கட்டுமா?"

"வேண்டாம். மூடு" என்றேன்.

மகாதமனி என்றால் இதயத்திலிருந்து கிளம்பி உடம்பு முழுக்க ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய். அவர் செய்கிற முறையில், அந்தக் குழாயில் ஒரு துளை போட்டு இதயத்தின் வேலையைச் செய்கிற மெஷினோடு உன்னை இணைக்க வேண்டும். பிறகு இடுக்கியால் அதை இறுக்கி மூடிவிட்டு இதயத்தை நிறுத்த வேண்டும். காலிலிருந்து எடுக்கிற குழாயைத் தைப்பதும் அதே மகாதமனியில்தான். உனக்கு அது முட்டை ஓடு மாதிரி ஆகிவிட்டது. இடுக்கி பட்டால் நொறுங்கும். நொறுங்கின துகள் ரத்தத்தோடு நேராக மூளைக்குப் போகும். கை போகலாம், கால் போகலாம், எல்லாவற்றுக்கும் முன்னால் வாய் போகலாம். ஊரே வெண்கலத் தொண்டை என்று கூப்பிடுகிற ஆள் நீ. பேச்சில்லாமல் உன்னைக் கட்டிலில் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

முன்கூட்டியே மார்பு ஸ்கேன் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் எடுக்கவில்லை. அதற்கு நீ அவரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, நானும் திட்டியாகிவிட்டது. ஆனால் மூடியதற்குத் திட்டாதே. கையில் கத்தியோடு நிற்கிற ஆளுக்கு, ஒன்றும் செய்யாமல் திரும்புவதுதான் ரொம்பக் கஷ்டம்.

இன்னொன்றும் இருக்கிறது. மறைத்தால் பின்னால் அவரே சொல்லிவிடுவார். "வீட்டம்மா வெளியில இருக்காங்க, ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா?" என்றார். "நேரமில்ல" என்று சொல்லிவிட்டேன்.

இங்கே என் ஆஸ்பத்திரியில் இதயத்தை நிறுத்தாமலே, அது துடிக்கும்போதே தைக்கிறார்கள். மகாதமனியைத் தொடுவதே கிடையாது. எலும்பு கொஞ்சம் கூடியதும் கிளம்பி வா. அண்ணியிடம் நானே பேசுகிறேன்.

பொடி


மார்ச் 18

பொடி,

உன் கடிதத்தை உன் அண்ணிதான் வாசித்துக் காட்டினாள். "நேரமில்ல" என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டுத் தாளை என் மடியில் வைத்தாள். மீதியை நானேதான் படித்துக்கொண்டேன்.

அந்த ஆளை நான் எத்தனை பேரிடம் திட்டியிருக்கிறேன் தெரியுமா? வார்டில் பக்கத்துக் கட்டில்காரருக்குக்கூட அவர்மேல் கோபம் வருகிற அளவுக்குத் திட்டியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் வீட்டுக்குள்ளேயே ஆள்!

எங்கேயோ இருந்துகொண்டு, என்னைப் பார்க்காமல், கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற என் பெண்டாட்டியைக் கேட்காமல், என் உயிரை ஒரே வார்த்தையில் மூடி வைத்துவிட்டாய். நீ சொன்னது சரியாகவே இருக்கட்டும். எனக்குப் பொறுக்கவில்லை.

இனி உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன். போன் போடாதே. இதுகூடப் பேச்சில்லை, எழுத்து என்பதால்தான் அனுப்புகிறேன்.


ஏப்ரல் 20

அண்ணா,

உன் மௌன விரதத்தை நான் மதித்துத்தான் இருந்தேன். இன்று அண்ணி போன் செய்தார்கள். ஒரு மாசமாக என்னோடு பேசாதவர்கள், "வணக்கம்" என்று ஆரம்பித்தார்கள். வெளியாரோடு பேசுகிற மாதிரி. அதைக் கேட்டதுமே ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

நீ துறைமுகத்துக்குப் போயிருக்கிறாய்! எலும்பு இன்னும் முழுசாகக் கூடவில்லை. மரப்பெட்டி மேல் ஏறி நின்று ஏலம் விட்டிருக்கிறாய். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று சொன்னதோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாயாம். மூணு தரத்தை வேறு யாரோ சொல்லி முடித்தார்களாம். உனக்குப் புத்தி இருக்கிறதா? நீ என்மேல் கோபப்படு, அதற்காக உன் உயிரோடு ஏன் வீம்பு?

என்ன செய்யப்போகிறோம் என்று எழுதுகிறேன், படிக்கவாவது செய். உன் விலா எலும்புகளுக்கு உள்பக்கமாக இடதில் ஒன்று, வலதில் ஒன்று என்று இரண்டு தமனிகள் ஓடுகின்றன. அவற்றின் மேல்முனையை அப்படியே விட்டுவிடுவோம். கீழ்முனையை மட்டும் விடுவித்து இதயத்தின் பக்கம் திருப்பித் தைப்போம். ரத்தம் அதுவாகவே மேலிருந்து வரும், மகாதமனியில் துளையே வேண்டாம். மூன்றாவது அடைப்புக்கு உன் இடது முன்கையிலிருந்து ஒரு துண்டு எடுத்து, அந்தத் தமனி ஒன்றிலேயே கிளை மாதிரி சேர்ப்போம். இதயம் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். தைக்கிற இடத்தை மட்டும் ஒரு கருவி கவ்விப் பிடித்து அசையாமல் வைத்திருக்கும்.

ஆபத்து இல்லை என்று சொல்லமாட்டேன். ஒருமுறை திறந்த நெஞ்சில் உள்ளே எல்லாம் ஒட்டிக்கொள்ளும். இதயத்தைத் தூக்கித் திருப்பும்போது ரத்த அழுத்தம் விழலாம். ஆனால் இப்படியே விட்டால் அடுத்த தடவை நீ மரப்பெட்டியிலிருந்து எழுந்திருக்கமாட்டாய்.

கத்தி என் கையில் இருக்காது. எங்கள் பெரிய டாக்டர் செய்வார். சொந்தக்காரர்களுக்கு நாங்கள் செய்வதில்லை. நான் வெளியில் அண்ணியோடு உட்கார்ந்திருப்பேன், அண்ணி உட்கார விட்டால்.

பொடி


ஏப்ரல் 26

பொடிக்கு,

வருகிறோம். உன் அண்ணி பெட்டி கட்டிவிட்டாள், நான் சம்மதிப்பதற்கு முன்பே.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. முதல் தடவை போகும்போது ஜோக் அடித்துக்கொண்டு போனேன், நர்ஸுகள் எல்லாம் சிரித்தார்கள். இப்போது ஜோக் ஒன்றும் தோன்றமாட்டேன் என்கிறது. செத்துப்போவதுகூட இரண்டாம்பட்சம். வாய் போய்விட்டால் நான் யார்? கூடையைப் பார்த்து எடையைச் சொல்கிற ஆள் துறைமுகத்தில் நிறைய. நூறு பேர் இரைச்சலுக்கு மேலே போகிற குரல் எனக்கு மட்டும்தான் இருக்கிறது. அதுவும் போய் வீட்டில் மூலையில் உட்கார்ந்தால் உன் அண்ணி என்னிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவாள்?

இரண்டு நிபந்தனை. நீ வெளியில் உட்காரக்கூடாது. உள்ளே இரு. நீ எங்கேயோ இருந்துகொண்டு என்னைப் பற்றி முடிவெடுத்தது போதும், இந்த முறை கண்ணால் பார்த்துக்கொண்டு எடு. அடுத்தது, எதையாவது கேட்டு முடிவெடுக்கிற நிலைமை வந்தால் வெளியே போய் உன் அண்ணியைக் கேள். அவள் என்ன சொல்கிறாளோ அது.

உன்னோடு பேசமாட்டேன் என்று எழுதியது எழுதியதுதான். ஸ்டேஷனில் என்னைப் பார்த்து "அண்ணா" என்று ஓடி வராதே, பதில் வராது.

அண்ணன்


மே 14, மத்தியானம்

அண்ணா,

நீ இதைப் படிக்கிறாயா, படிக்க முடிகிறதா என்றே தெரியாமல் எழுதுகிறேன்.

நேற்று நான் உள்ளேதான் இருந்தேன், நீ சொன்னபடி. நெஞ்சைத் திறந்து, ஒட்டியிருந்ததை எல்லாம் பிரித்து எடுப்பதற்கே வெகுநேரம் ஆனது. முதல் இணைப்பு நன்றாக வந்தது. இரண்டாவதுக்கு இதயத்தின் பின்பக்கம் தைக்க வேண்டும். இதயத்தைத் தூக்கியதும் அழுத்தம் விழுந்தது. மானிட்டரில் கோடு தாறுமாறாக ஓடியது. பெரிய டாக்டர் உடனே கீழே வைத்துவிட்டார். மெதுவாகச் சரியானது. மறுபடி தூக்கினார், மறுபடி விழுந்தது.

அவர் என்னைப் பார்த்தார். "மெஷினுக்குப் போகலாமா?" என்றார். மெஷின் பக்கத்திலேயே தயாராக நின்றது. உன் மகாதமனியைத் தொடாமல் தொடை வழியாகக் குழாய் விடலாம். ஆனால் அப்போது ரத்தம் எதிர்த்திசையில் ஏறி வந்து அந்தச் சுண்ணாம்பை உரசும். போனாலும் ஆபத்து, போகாவிட்டாலும் ஆபத்து. பதில் என் வாய்வரை வந்துவிட்டது, அண்ணா. விழுங்கிக்கொண்டேன். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன்.

அண்ணி எழுந்து நின்றார்கள். என் முகத்தைப் பார்த்ததும் நீ போய்விட்டாய் என்றே நினைத்துவிட்டார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"நீ என்ன நினைக்கிறன்னு நான் கேக்கல. கீழ வெச்சா சரியாகுதா?"

"ஆகுது அண்ணி."

"அப்ப மெஷின் வேண்டாம். கொஞ்சம் இளைப்பாற விட்டு இன்னொரு தடவ தூக்கச் சொல்லு. அவர் எதையும் மூணாவது தடவதான் கேப்பார்."

அப்படியே உள்ளே போய்ச் சொன்னேன். பெரிய டாக்டர் முகமூடிக்குள் சிரித்த மாதிரி இருந்தது. கட்டிலைச் சாய்த்தார்கள், மருந்தைக் கூட்டினார்கள், அவர் ரொம்ப மெதுவாகத் தூக்கினார். தாங்கியது. மூன்றும் முடிந்தது. உன் மகாதமனியை யாருடைய விரலும் தொடவில்லை. நான் வெளியே வந்து அண்ணியைக் கட்டிப் பிடித்தேன், அவர்களும் விலக்கவில்லை.

இன்று காலை உன் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். நீ கண்ணைத் திறந்தாய். நர்ஸ் சொன்னதும் வலது கையை இறுக்கினாய், இடது காலை அசைத்தாய். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் வந்து குனிந்து, "அண்ணா, உன் பேரைச் சொல்லு" என்றேன்.

நீ என்னையே பார்த்தாய். வாய் அசையவில்லை.

"நான் யாருன்னு சொல்லு."

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

கை கால் எல்லாம் நன்றாக இருந்து பேச்சு மட்டும் போகிறது உண்டு, நானே பார்த்திருக்கிறேன். உடனே தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் சின்னத் துகள் என்றால் முதலில் தெரியாது. யாரும் தொடவில்லையே, எப்படிப் போயிருக்கும்? இதயத்தைத் தூக்கியபோதா? அழுத்தம் விழுந்தபோதா? அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? மெஷின் வேண்டாம் என்று சொன்னது அவர்கள். இந்தப் பாரத்தை அவர்கள் தலையில் நானே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

மூளையில் பேச்சு இருக்கிற இடம் அடிபட்டால் எழுத்தும் கூடவே போய்விடும். அதனால்தான் இந்தத் தாளோடு ஒரு பேனாவும் நர்ஸிடம் கொடுத்து அனுப்புகிறேன். நேரில் வந்து பார்க்க எனக்குத் தெம்பில்லை. உன் பேரை மட்டும் எழுது. இரண்டு எழுத்தாவது எழுது அண்ணா, போதும்.

பொடி


மே 14, சாயந்திரம்

பொடி,

பேரை எழுதச் சொன்னாய். அதை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் எழுதுகிறேன்.

நான் உன்னோடு பேசமாட்டேன் என்று எழுதியிருந்தேன் இல்லையா? அதுதான். வேறொன்றும் இல்லை. கண் திறந்ததும் உன் முகம் தெரிந்தது. பிழைத்துவிட்டேன் என்று புரிந்தது. கூடவே, சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே என்ற வீம்பும் வந்துவிட்டது. பாதி மயக்கத்தில்கூட அது மட்டும் தெளிவாக இருந்தது. நீ பேரைக் கேட்டாய். உனக்குத் தெரியாத பேரா, கேட்கட்டும், கெஞ்சட்டும் என்று சுவரைப் பார்த்தேன். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள், ஏதோ வழக்கமாக எடுப்பது என்று நினைத்துப் படுத்திருந்தேன். நர்ஸ் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள், தலையை ஆட்டினேன். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. உனக்குக் கேட்டுவிடக்கூடாது பார்.

திரும்பிக் கொண்டுவரும்போது வராந்தாவில் உன்னைப் பார்த்தேன். சுவரோரமாக உட்கார்ந்து, பச்சை உடுப்போடு, தொப்பியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாய். நீ அழுது நான் பார்த்தது நீ பாவாடை கட்டின காலத்தில். அட பைத்தியமே, இவள் வேறு என்னமோ நினைத்துவிட்டாள் என்று அப்போதுதான் உறைத்தது. என்மேல் எனக்கே அப்படி ஒரு வெறுப்பு வந்தது. என்ன மனுஷன் நான்? இத்தனை பேர் கண் விழித்து ஒட்டித் தைத்துக் கொடுத்த உயிரை வைத்துக்கொண்டு நான் செய்த முதல் காரியம் இது.

உடனே உன்னைக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

வரவில்லை, பொடி. காற்று மட்டும் வந்தது. இன்னொரு தடவை பலம் கொண்ட மட்டும் கூப்பிட்டேன். கட்டிலைத் தள்ளுகிறவனுக்கே கேட்கவில்லை. நீ தலையைத் தூக்கவில்லை. கட்டில் உன்னைத் தாண்டிப் போய்விட்டது.

நான் இத்தனை நேரம் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேச முடியாமல் இருந்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. உடம்பு முழுக்க வியர்த்துவிட்டது. மெஷின் எல்லாம் கத்த ஆரம்பித்து நர்ஸுகள் ஓடி வந்தார்கள்.

அப்புறம் நர்ஸ் உன் தாளையும் பேனாவையும் கொடுத்தாள். பேனாவை வாங்கவே பயமாக இருந்தது. எழுதிப் பார்த்து வராமல் போனால்? முதலில் தாளின் மூலையில் "வெண்கலம்" என்று எழுதினேன். அது சரியாக வந்ததும் அழுதுவிட்டேன். இதோ பக்கம் நிரம்பப்போகிறது, ஒரு வார்த்தையும் தடுக்கவில்லை. அப்படியென்றால் நீ எழுதியபடி மூளையில் ஒன்றும் ஆகவில்லை, இல்லையா? உன் அண்ணி சொன்னது தப்பாகவில்லை. அவளிடம் ஒன்றும் சொல்லி வைக்காதே.

தொண்டையைப் பார்க்கிற டாக்டர் இப்போதுதான் வந்துவிட்டுப் போனார். சின்னக் குழாயை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தார். ஆபரேஷனுக்காகத் தொண்டையில் போட்டிருந்த குழாய் உரசி ஒரு பக்கத்துக் குரல் நாண் அசையாமல் கிடக்கிறதாம். குரல் திரும்பி வரலாம் என்றார். முழுசாக வருமா என்று தாளில் எழுதிக் கேட்டேன். "பேச்சு வரும். கத்துற குரல் வருமான்னு இப்ப சொல்ல முடியாது" என்றார். மரப்பெட்டியை வேறு யாருக்காவது கொடுக்க வேண்டியிருக்கும் போல. அதை அப்புறம் நினைத்துக்கொள்கிறேன்.

நீ கதவுக்கு வெளியே நிற்கிறாய் என்று நர்ஸ் சொல்கிறாள். இந்தத் தாளை அவளிடம்தான் கொடுக்கிறேன். படித்ததும் என்னைத் திட்டுவாய், திட்டு. ஆனால் ஒன்று மட்டும் தெரிந்துகொள். நான் உன்னைக் கூப்பிட்டேன். வராந்தாவில் இரண்டு தடவை கூப்பிட்டேன். உனக்குக் கேட்கவில்லை.

உள்ளே வா.